ஜோடி பிரிந்த மவுண்டிங்

செத்துப்போன காரைப் பார்க்கப் போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கம் போக வேண்டியிருந்தது.

பறிமுதல் செய்த மோட்டார் சைக்கிள்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி துருவேறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, மூக்கு நசுங்கி, ஒரு விளக்கு மட்டும் மிச்சமிருக்க, அந்தப் பச்சை நிறப் பழைய கார் நின்றது. பின்பாதியில் பாலிஷ் இன்னும் பளபளத்தது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"கல்யாணத்துக்குக் கிளம்பி, வழியிலேயே போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கு மேடம்" என்றார் மைக்.

மைக் என்பது அவருடைய பெயரல்ல. பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்து, மேலதிகாரியைப் பற்றி மனதிலிருந்ததையெல்லாம் சக ஊழியரிடம் கொட்டிவிட்டார். பஸ்ஸுக்குக் காத்திருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். வேலை போயிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது.

மேடம் அவரைவிட இளையவள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பரிசோதிக்கும் சர்வேயராக இருந்து, பொய்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, கடைசியில் அந்தச் சலிப்பையே சொந்தத் தொழிலாக்கிக்கொண்டவள். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை மேடம் என்பார்.

"அண்ணே, டார்ச்."

பானெட்டைக் கடப்பாரையால் நெம்பி ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார்கள். மேடம் உள்ளே குனிந்தாள்.

வழக்கு இதுதான். கார் ஒரு பெரியவருடையது. சரியாகச் சொன்னால் அவருக்கும் அவர் தம்பிக்கும் சேர்த்து அவர்களுடைய அப்பா விட்டுப்போனது. அதன் சொந்த எஞ்சின் உயிரைவிட்டு வெகுகாலமாகியிருந்தது. பெரியவரும் அவருடைய மெக்கானிக்கும் மாதக்கணக்கில் பாடுபட்டு, வேறொரு பெரிய காரின் எஞ்சினை அதில் உட்கார வைத்தார்கள். பழைய கார் கண்காட்சிக்குப் புறப்பட்ட காலையில், வீட்டுக்கு வெளியே இருக்கும் மேட்டில் கார் பிடியை மீறி ஓடி, ஒரு குடோன் சுவரில் மோதியது. ஓட்டிய பெரியவர் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்துவிட்டார். மெக்கானிக் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று போலீஸ் அவரை உள்ளே வைத்தது. பெரியவரின் மகளோ, "மெக்கானிக் வெறும் சாக்கு. என் அப்பாவைக் கொன்னது சித்தப்பா. அதை நிரூபிச்சுக் கொடுங்க" என்று மேடத்திடம் வந்திருந்தாள்.

"அண்ணே, இங்க பாருங்க. எஞ்சினை ரெண்டு பக்கமும் தாங்கிட்டிருக்கற ரப்பர் கட்டை. இதுக்குப் பேர் மவுண்டிங். என்ன தெரியுது?"

"ஒண்ணு நல்லா இருக்கு. இடது பக்கம் ரெண்டா கிழிஞ்சிருக்கு. போலீஸும் இதைத்தானே சொன்னாங்க?"

"ரெண்டும் ஒரே மாதிரியா இருக்கா?"

மைக் மூக்கு கிரீஸில் படும் அளவுக்குக் குனிந்தார். "இல்லையே. வலது பக்கத்துல ரப்பரோட ஒரு இரும்புக் கொக்கி இருக்கு. இடது பக்கம் வெறும் ரப்பர். ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல ரப்பர் செருப்பு."

"அந்தக் கொக்கி மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் கோத்துப் பிடிச்சிருக்கும். ரப்பர் கிழிஞ்சாலும் எஞ்சின் எழும்பாது. கொக்கி இல்லேன்னா எழும்பும். கார் முன்னால போகும்போது எஞ்சின் முறுக்கிக்கிட்டு இடது பக்கமாத்தான் தூக்கும். தூக்கும்போது ஆக்சிலேட்டர் ராடையும் சேர்த்து இழுக்கும். ராடு இழுபட்டா வேகம் கூடும். வேகம் கூடினா இன்னும் தூக்கும்."

"காலை எடுத்தாலும் கார் நிக்காது."

"நிக்காது. சாவியைத் திருப்பி அணைச்சிருக்கலாம். ஆனா அந்த மேடு சின்னது. கை சாவியைத் தேடறதுக்குள்ள சுவர் வந்துடும்."

மைக் ஒரு கணம் சும்மா இருந்தார். அது அவருக்கு நீண்ட நேரம். "சரி மேடம். மெக்கானிக் சோம்பேறித்தனமா ஒரு பக்கம் பழசை மாட்டிட்டாரு. கேஸ் முடிஞ்சுது. டீ சாப்பிடலாமா?"

"கிழிஞ்ச இடத்தைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். பாதி தூரம் சொரசொரவென்று பிய்ந்திருந்தது. மீதிப் பாதி வழவழவென்று இருந்தது.

"பிளேடு!"

"சோம்பேறி பழசை மாட்டுவான். பிளேடு போட மாட்டான். இன்னொண்ணு. வலது பக்க நட்டோட மூலையெல்லாம் கூர்மையா இருக்கு. இடது பக்க நட்டு மூலை மழுங்கியிருக்கு. அளவு பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு யாரோ திருகியிருக்காங்க."

"மெக்கானிக்கிட்ட அளவுக்கு ஸ்பேனர் இல்லாமயா போகும்?"

"அதை அவர்கிட்டயே கேட்போம்."

*

லாக்கப்பில் மெக்கானிக் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கைவிரல் இடுக்கில் கறுப்பு எண்ணெய் போகாமல் தங்கியிருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். ஆனால் விடுதலை கேட்டு எழுந்தவர் மாதிரி இல்லை. இன்னும் ஓர் அடி வாங்க எழுந்தவர் மாதிரி இருந்தது.

"இடது பக்கம் என்ன மவுண்டிங் போட்டீங்க?" என்று மேடம் நேரடியாகக் கேட்டாள்.

"கொக்கி வெச்சதும்மா. ரெண்டு பக்கமும். ஜோடியா வாங்கினது. அவரும் கூட வந்தாரு." குரல் இறங்கியது. "அப்படித்தான் ஞாபகம். ஆனா போலீஸ்காரர் கிழிஞ்ச ரப்பரைக் காட்டினாரு. அதுல கொக்கி இல்ல. அப்போ என் ஞாபகம்தானே தப்பா இருக்கணும்?"

"கை மறக்குமா?" என்றார் மைக்.

"மறந்திருக்கே சார். நாலு சிலிண்டர் இருந்த இடத்துல ஆறு சிலிண்டரை உட்கார வெச்சோம். அதோட பலத்துக்கு எல்லாமே தோதா இருக்கணும். கிளட்ச் தட்டு, ரேடியேட்டர், ஃபேன், கியர்பாக்ஸ் சேர்ற இடம், எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து மாத்தினோம். ஒண்ணை மாத்திட்டு இன்னொண்ணைப் பழசா விட்டா அது எஞ்சின் மாத்தறது இல்ல, வம்பை விலைக்கு வாங்கறது. இதை நானே ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நானே இப்படிப் பண்ணியிருக்கேன்."

"பழைய எஞ்சினோட மவுண்டிங் எங்க இருக்கு?"

"அவர் ஷெட்ல அந்தப் பழைய எஞ்சின் ஸ்டாண்டு மேல நிக்குதும்மா. அதுலயே இருக்கும். அவர் எதையும் தூக்கிப் போட மாட்டாரு. கழட்டினதை மண்ணெண்ணெய்ல கழுவி, எண்ணெய் தடவி, காகிதத்துல சுத்தி வெச்சாத்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். ஒரு தடவை நல்ல கேஸ்கெட் ஒண்ணைக் குப்பையில போட்டுட்டேன்னு ரெண்டு நாள் என்கூடப் பேசலை."

"நீங்க போட்ட நட்டு என்ன அளவு?"

"பதினாலு எம்.எம். எனக்கு எல்லாம் எம்.எம். ஸ்பேனர்தான். காரோட பழைய நட்டுங்க மட்டும் இஞ்ச் கணக்கு. அதையெல்லாம் அவரே பார்த்துப்பாரு." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, அந்தப் பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்? அவங்கப்பாவுக்கு நான் வெறும் மெக்கானிக் இல்ல. ஞாயித்துக்கிழமையானா அவர் கையால டீ போட்டு எனக்குக் கொடுத்துட்டுத்தான் அவர் குடிப்பாரு. அந்த மனுஷனை நானே கொன்னுட்டேனே."

வெளியே வந்ததும் மைக் பெருமூச்சு விட்டார். "எத்தனையோ பேர் செஞ்ச குற்றத்தை மறைச்சுப் பார்த்திருக்கேன். இந்த ஆளு செய்யாத குற்றத்தைக் கெஞ்சி வாங்கிக்கறாரு. அவர் ஒர்க்‌ஷாப் வழியாத்தான் வந்தேன் மேடம். கதவுல யாரோ கரியால கொலைகாரன்னு எழுதியிருக்காங்க. அவர் சம்சாரம் ஈரத்துணியால துடைச்சிட்டிருந்தாங்க. துடைக்கத் துடைக்கப் பரவுது."

மேடம் காரில் ஏறிக் கதவைச் சற்று வேகமாகவே சாத்தினாள்.

"ஜோடியில ஒண்ணு காருக்குள்ள இருக்கு. இன்னொண்ணு எங்கயோ இருக்கு. அதைத்தான் தேடணும்."

"கழட்டினவன் அதைத் தூக்கி எறிஞ்சிருப்பானே மேடம்?"

"யார் கழட்டினாங்கன்றதைப் பொறுத்தது அண்ணே."

*

பெரியவரின் வீட்டு வாசலில், கேட்டுக்கு வெளியே, ஒருவர் நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, கசங்கிய சட்டை. மாடியில் குடியிருக்கும் சித்தப்பா அவர்தான். சொந்த வீட்டு வாசலிலேயே விருந்தாளி மாதிரி நின்றார்.

"துப்பறியறவங்களா? வாங்க" என்றார். "என்னைப் பத்தித்தானே விசாரிக்க வந்திருக்கீங்க? கேளுங்க."

"கார் ஓட்டறதா இருந்தது நீங்கதானே?"

"ஆமா. கண்காட்சியிலயே காரை வாங்கறவங்க கையில ஒப்படைக்கறதா இருந்தது. அதனால நான்தான் ஓட்டிட்டுப் போறேன்னு உட்கார்ந்தேன். அண்ணன் திடீர்னு வந்து, 'நீ இறங்கு, நான் எடுக்கறேன்'னாரு. இறங்கிட்டேன்."

"ஏன்னு கேட்கலையா?"

"அண்ணன் சொன்னா கேட்டுத்தான் பழக்கம். காரை விக்கற விஷயத்துல மட்டும்தான் அவர் பேச்சைக் கேட்கலை." அதற்கு மேல் எதையோ சொல்ல வந்தவர், உள்ளிருந்து வந்த காலடிச் சத்தம் கேட்டதும் மாடிப்படிப் பக்கம் போய்விட்டார்.

மகள் வந்து கேட்டைத் திறந்தாள். பல் டாக்டர். அழுது முடித்து, அழுகையின் இடத்தில் கோபத்தை வைத்துப் பூட்டியிருந்த முகம்.

"அவர் என்ன சொன்னார்? அப்பாவே இறங்கச் சொன்னதாச் சொல்லியிருப்பாரே?"

"அப்படித்தான் சொன்னார். நீங்க பார்த்தது என்ன?"

"நான் வர்றதாவே இல்லை. கிளினிக் இருந்தது. கடைசி நிமிஷத்துல, இனிமே இந்தக் கார்ல எப்போ போகப்போறோம்னு தோணுச்சு. ஓடிப்போய் முன் சீட்டுல சித்தப்பா பக்கத்துல ஏறி உட்கார்ந்துட்டேன். அப்பா அப்பத்தான் வீட்டுக்குள்ள இருந்து வந்தார். என்னைப் பார்த்தார். 'கண்ணாடியை மேசையில வெச்சுட்டேன், ஓடிப்போய் எடுத்துட்டு வாம்மா'ன்னார். உள்ளே போய் எல்லா இடத்துலயும் தேடறேன், காணோம். வெளிய வந்தா சித்தப்பா தரையில நிக்கறார். அப்பா தனியா காரைப் பின்னால எடுத்துத் திருப்பிட்டுப் போறார். மேடு ஏறினதும் எஞ்சின் ஒரு அலறல் அலறுச்சு." நிறுத்தினாள். "ஒண்ணும் தெரியாத மனுஷன் ஏன் கடைசி நிமிஷத்துல இறங்கணும்? நீங்களே சொல்லுங்க."

மேடம் "ஷெட்டைப் பார்க்கணும்" என்றாள்.

ஷெட் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு டப்பா. ஒவ்வொரு டப்பாவிலும் பளபளக்கும் ஏதோ ஒன்று. நடுவில், காரின் பழைய எஞ்சின் இரும்பு ஸ்டாண்டின் மேல் வீற்றிருந்தது.

"நம்ம ஆபீஸ் அலமாரியை ஒரு நாள் இவர்கிட்ட விட்டிருக்கணும்" என்றார் மைக்.

மேடம் பழைய எஞ்சினைச் சுற்றி வந்தாள். வலது பக்கம் மவுண்டிங் இருந்தது. வெறும் ரப்பர், கொக்கி இல்லை. இடது பக்கம் மவுண்டிங் இருந்த இடத்தில் துரு படியாத ஒரு சதுரம் மட்டும் தெரிந்தது.

"இந்த ஷெட்டுக்குள்ள யார் யார் வருவாங்க?"

"எல்லாரும். நான், சித்தப்பா, மெக்கானிக் மாமா. பூட்டே கிடையாது."

"பூட்டினது எதுவுமே இல்லையா?"

மகள் மூலையிலிருந்த தகரப் பெட்டியைக் காட்டினாள். "அது ஒண்ணுதான். தாத்தாவோட ஸ்பேனர் பெட்டி. எல்லாம் இஞ்ச் கணக்கு. தாத்தா போனப்போ சித்தப்பா அதைக் கேட்டாராம். அப்பா கொடுக்கலை. சித்தப்பா கை அதுல பட்டுடக் கூடாதுன்னே பூட்டி வெச்சிருப்பார். சாவி அப்பா பாக்கெட்டை விட்டு இறங்காது."

"இப்போ அந்தச் சாவி எங்க?"

"ஆஸ்பத்திரியில அவர் மேல இருந்ததையெல்லாம் ஒரு பையில போட்டுக் கொடுத்தாங்க. அதுல இருக்கும்." குரல் தடுமாறியது. "நான் இன்னும் அதைப் பிரிக்கலை."

"பிரிக்கணும்."

வெள்ளை பிளாஸ்டிக் பை வந்தது. ஒட்டியிருந்த டேப்பைக்கூட யாரும் தொட்டிருக்கவில்லை. மேடம் வேலை மேசையின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கண்ணாடி உடைந்த கைக்கடிகாரம். மடித்த கைக்குட்டை. சீப்பு. சின்னச் சாவிக்கொத்து. கடைசியாக, சட்டைப் பையில் செருகும் பழுப்பு நிற உறை ஒன்று.

அதற்குள் ஒரு மூக்குக் கண்ணாடி இருந்தது.



"அப்பாவுக்கு ரெண்டு கண்ணாடி உண்டா?" என்று மேடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணுதான்" என்றாள் மகள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாக்கெட்ல வெச்சுக்கிட்டே மறந்திருப்பார். வயசானவர்தானே. மறந்திருப்பார்."

மேடம் சாவியை எடுத்துத் தகரப் பெட்டியைத் திறந்தாள். ஸ்பேனர்கள் அளவுவாரியாக அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் வாயின் உள்பக்கத்தில் புதிதாகச் சுரண்டிய பளபளப்பு.

"பதினாலு எம்.எம். நட்டுக்கு இது ஒரு மயிரிழை பெரிசு. மாட்டும், ஆனா ஆடும். அழுத்தித் திருகினா நட்டோட மூலை மழுங்கிடும்."

பிறகு ஸ்பேனர் தட்டைத் தூக்கினாள். கீழே எண்ணெய்க் காகிதத்தில் ஒரு பொட்டலம். நூல் கட்டி, முனைகளை ஒழுங்காக மடித்து, பரிசுப் பொருள் மாதிரி இருந்தது. பிரித்தாள்.

கொக்கி வைத்த இடது பக்க மவுண்டிங். கழுவி, எண்ணெய் தடவி, புதுசு போல.

"சித்தப்பா திருடி உள்ளே வெச்சிருக்கார்!" மகளின் குரல் ஷெட் கூரையில் மோதியது.

"சாவி உங்க அப்பா பாக்கெட்ல இருந்தது."

"அப்போ மெக்கானிக்..."

"மெக்கானிக்னா பதினாலு எம்.எம். ஸ்பேனரைப் போட்டிருப்பார். நட்டு மழுங்கியிருக்காது. உங்க சித்தப்பான்னா இதைக் கண்காணாத இடத்துல எறிஞ்சிருப்பார். நான் காலையிலேருந்து தேடினது இந்த இரும்பை மட்டும் இல்ல டாக்டர். இதைத் தூக்கிப் போட மனசு வராத ஆளை."

மகள் வேலை மேசையைப் பிடித்துக்கொண்டாள். "தற்கொலைன்னு சொல்றீங்களா?"

"அந்தக் காரை ஓட்டறதா இருந்தது அவர் இல்லையே."

அந்த வாக்கியம் அவளுக்குள் இறங்கச் சற்று நேரமாயிற்று. இறங்கியதும் முகத்திலிருந்த கோபம் போய், வைக்க ஒன்றுமில்லாத வெற்றிடம் தெரிந்தது.

"முந்தின நாள் மெக்கானிக் வேலையை முடிச்சுட்டுப் போன பிறகு உங்க அப்பா இதைக் கழட்டியிருக்கார். பழைய எஞ்சினோட ரப்பரைப் பாதி அறுத்து அங்க மாட்டியிருக்கார். காலையில உங்க சித்தப்பா ஓட்டிட்டுப் போகணும். எல்லாம் அவர் நினைச்ச மாதிரித்தான் நடந்தது. அவர் நினைக்காதது ஒண்ணே ஒண்ணுதான். நீங்க ஓடிவந்து பக்கத்து சீட்டுல உட்கார்ந்தது."

"அதான் கண்ணாடி..."

"உங்களை இறக்கறதுக்கு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மைக் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"என்னை மட்டும் இறக்கியிருந்தா போதுமே" என்றாள், விரலிடுக்கு வழியாக. "சித்தப்பாவையும் ஏன் இறக்கினார்? அவர் ஏன் ஏறினார்?"

"தெரியலை. மனசு மாறியிருக்கலாம். இல்ல, நீங்க திரும்பி வந்து மறுபடியும் ஏறிப்பீங்கன்னு பயந்திருக்கலாம். மெதுவா ஓட்டினா அந்த ரப்பர் தாங்கும், ஒரு சுத்து சுத்திட்டு வந்து சரி பண்ணிடலாம்னு நினைச்சிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சது இரும்பும் ரப்பரும் மட்டும்தான்."

"மனசு மாறித்தான்" என்று கதவருகே ஒரு குரல் கேட்டது.

சித்தப்பா. எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"என்னை இறங்கச் சொன்னப்போ அவர் என் தோளைப் பிடிச்சார். சின்ன வயசுக்கு அப்புறம் அவர் என்னைத் தொட்டதே இல்லை. அதனால சொல்றேன், மனசு மாறித்தான்." சொந்த மகளைப் போல வளர்த்த அண்ணன் மகளை அவர் நேராகப் பார்க்கவில்லை. "கண்ணு, காரைக் கயிறு கட்டி இழுக்கறதுக்கு முன்னால பானெட்டை நெம்பித் திறந்தப்போ நான் உள்ளே பார்த்தேன். அது எங்கப்பா எஞ்சினோட ரப்பர். சின்னப் பையனா உட்கார்ந்து நான் துடைச்சது. பார்த்ததும் புரிஞ்சுது. காரை விக்காதேன்னு கெஞ்சிட்டு, கடைசியா அண்ணன் சொன்னாரு, 'நீ ஓட்டிட்டுப் போனா அது முழுசாப் போய்ச் சேராது'ன்னு. வெறும் கோபம்னு நினைச்சேன்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?" என்றார் மைக். அந்தக் குரலில் கேலி இல்லை.

"இந்தப் பொண்ணுக்கு அப்பான்னு ஒரு ஞாபகமாவது மிஞ்சட்டுமேன்னுதான். என்னைக் கொலைகாரன்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்."

"உங்களை நினைச்சாங்க. உள்ளே போட்டது மெக்கானிக்கை" என்றாள் மேடம்.

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் கண்ணைத் துடைத்தாள். திடீரென்று வேகமாகப் பேச ஆரம்பித்தாள். "மேடம், இது இந்த நாலு பேரோட போகட்டும். நான் நல்ல வக்கீல் வெக்கறேன். மெக்கானிக் மாமாவை வெளிய எடுத்துடலாம். வேலையில ஏதோ கவனக்குறைவு, அவ்வளவுதானே. பெரிய தண்டனை ஒண்ணும் கிடைக்காது. அப்பா பேர் கெட வேண்டாம். உங்களை நான்தானே கூப்பிட்டேன்?"

மேடம் மவுண்டிங்கைக் காகிதத்தோடு எடுத்து அவள் கையில் வைத்தாள். அது அளவுக்கு மீறிக் கனத்தது.

"உங்க அப்பா பேருக்காக ஒரு வாரமா மெக்கானிக் லாக்கப்ல இருக்கார். அவர் சம்சாரம் கதவைத் துடைச்சுக்கிட்டிருக்காங்க. எவ்வளவு நாள் துடைக்கணும்னு நீங்களே போய்ச் சொல்லுங்க. இல்லேன்னா இதை எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வாங்க. நீங்க வரலைன்னா நான் போவேன். ஆனா நீங்க வந்தா நல்லா இருக்கும்."

மகள் சித்தப்பாவைப் பார்த்தாள். அவரை ஊர் முழுக்கக் கொலைகாரன் என்று சொல்லித் திரிந்தவள். அவர் அவளுக்காகக் கேட்டைத் திறக்க முன்னால் நடந்தார்.

*

மறுநாள் மதியம் கோர்ட் உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெல்ட்டையும் செருப்பையும் மெக்கானிக்கிடம் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு விஷயத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவள் எதிரே நின்றாள்.

மகள் திக்கித் திணறிச் சொன்னாள். பாதியில் குரல் நின்றபோது மேடம் எடுத்துக்கொடுத்தாள். மெக்கானிக் மேசைமேலிருந்த மவுண்டிங்கைக் கையில் எடுத்து, கொக்கியைக் கட்டைவிரலால் தடவினார்.

"இதுதாம்மா! இதைத்தான் மாட்டினேன்." முகம் ஒரு கணம் விளக்குப் போட்டாற்போல் ஆயிற்று. "என் ஞாபகம் சரிதான். என் கை தப்புப் பண்ணலை. நான் கொல்லலை."

"நீங்க எதுவும் பண்ணலை மாமா" என்றாள் மகள்.

அவர் சிரிக்கக்கூடப் போனார். அப்புறம் ஏதோ தோன்றி அப்படியே நின்றார். கட்டைவிரல் கொக்கியின்மேல் அசையாமல் இருந்தது.

"கார் இடிச்சா பானெட்டைத் திறந்து பார்ப்பாங்க இல்லையா?" என்றார் மெதுவாக. "கொக்கி இல்லாத ரப்பர் இருக்கும். யார் வேலை பார்த்ததுன்னு கேட்பாங்க. என் பேரைத்தான் சொல்லுவாங்க. வேற யார் பேரைச் சொல்ல முடியும்?" மேடத்தைப் பார்த்தார். "அது அவருக்குத் தெரிஞ்சிருக்குமாம்மா?"

பொய் சொல்ல ஒரு நல்ல இடம் அது. மேடத்துக்குப் பொய்களைப் பற்றி நிறையத் தெரியும். சொல்லத்தான் வரவில்லை.

"அப்பா அவ்வளவு தூரம் யோசிச்சிருக்க மாட்டார் மாமா" என்றாள் மகள் அவசரமாக.

"யோசிக்காம ஒரு திருகு திருக மாட்டாரும்மா உங்கப்பா."

மவுண்டிங்கை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்தார். வராந்தாவில் அவர் மனைவி மாற்றுச் சட்டையோடு காத்திருந்தாள். அதை வாங்கிப் போட்டுக்கொண்டார். பட்டன்களை ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டார். அவள் எல்லாவற்றையும் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"வீட்ல கொண்டுபோய் விடறேன் சார், வண்டி இருக்கு" என்றார் மைக்.

"வேண்டாம் சார். நடந்தே போறோம்."

மகள் படியிறங்கி அவர் பின்னால் ஓடினாள். "மாமா, ஒரு நிமிஷம். அப்பா பண்ணினது தப்புதான். ஆனா அவருக்குன்னு இருந்த ஒரே சிநேகிதர் நீங்கதான். அது உண்மை மாமா."

மெக்கானிக் திரும்பினார். அவர் கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நானும் அப்படித்தாம்மா நினைச்சுட்டு இருந்தேன்" என்றார்.

மனைவியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தார்.